பட்டமில்லாத பறவை அறிஞர்: சாலிம் அலியின் வாழ்க்கை நமக்குச் சொல்வது என்ன?

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் பண்டாரவளையில் எங்கள் தோட்டங்களுக்கு ஒரு விருந்தாளி வரும். பச்சை முதுகு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டி, வயிற்றின் அடியில் சிவப்பு, வெட்டிவிட்டது போன்ற குட்டை வால். வேலியோரத்துச் சருகுகளைக் கிளறிக்கொண்டு தத்தித் தத்தித் திரியும். விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று பெயர். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து, ஏப்ரல் வரை இங்கே தங்கித் திரும்பிவிடும். வந்திறங்கும் நாட்களில் களைப்பில் யன்னல் கண்ணாடிகளில் மோதி விழுவதும் உண்டு.

நான் ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய புதிதில், அப்படி விழுந்த ஒரு குருவியை ஒன்பதாம் தர மாணவன் ஒருவன் கைக்குட்டையில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்தான். என்ன குருவி என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. தவணைப் பரீட்சை வருகிறது, அதை வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார் என்று அதட்டினேன். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் கொண்டுவரவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல், வேறு ஊரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

பல வருடங்களுக்குப் பிறகு சாலிம் அலியின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தப் பையன் என் கண்முன் வந்து நின்றான். காரணம், அந்த வாழ்க்கையும் ஒரு சிறுவனின் கையில் இருந்த சின்னக் குருவியில்தான் தொடங்குகிறது.

சாலிம் அலி 1896 நவம்பர் 12ஆம் திகதி பம்பாயில் ஒரு சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரு வயதில் வாப்பா போய்விட்டார், மூன்று வயதில் உம்மாவும் போய்விட்டார். யதீமாகிப்போன பிள்ளைகளைத் தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் பிள்ளைப்பேறில்லாத மாமி ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள்.

வேட்டைப் பிரியரான மாமா, மருமகனுக்கு ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். சிறுவன் சிட்டுக்குருவிகளைச் சுட்டு விளையாடுவான். பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்படிச் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் தீட்டினாற்போல் இருந்தது. மற்றக் குருவிகளைப் போல் இல்லையே என்று மாமாவிடம் காட்டினான். மாமாவுக்கும் அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்ததைப்போல் ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று விரட்டியும் இருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதி, குருவியோடு மருமகனை அங்கே அனுப்பிவைத்தார்.

வெள்ளைக்காரரைப் பார்க்கப் பயந்து பயந்துதான் சிறுவன் உள்ளே போனான். மில்லார்ட் அந்தக் குருவி மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. அலுமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிப்பதற்குப் புத்தகமும் கொடுத்தார். பறவைகளைப் படிப்பதும் ஒரு கல்வி என்று அந்தச் சிறுவனுக்கு அன்றுதான் தெரியவந்தது.

இதற்குப் பிறகு எல்லாம் நேர்வழியில் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. பதின்மூன்று வயதளவில் தொடங்கிய தீராத தலைவலியால் பாடசாலைப் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தட்டுத்தடுமாறித்தான் தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு, குடும்பத்தாரின் சுரங்க, மரத் தொழிலைப் பார்க்கப் பர்மாவின் தவோய்க்குப் போனார். அங்கே வியாபாரத்தைவிடக் காடுகளும் பறவைகளும்தான் அவரை இழுத்தன. 1917இல் பம்பாய் திரும்பி வர்த்தகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். கூடவே, பிளேட்டர் பாதிரியாரின் தூண்டுதலால் சென்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியலும் கற்றார். ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று கைக்கு வரவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்தில் பறவையியலாளர் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது.

1926இல் பம்பாய் நூதனசாலையின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் பார்வையாளர்களுக்கு விளக்கமளிக்கும் வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜேர்மனி சென்றார். பேர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மான், பட்டம் இருக்கிறதா என்று பாராமல் அவரைத் தன் மாணவராக ஏற்றுக்கொண்டார். 1930இல் ஊர் திரும்பியபோது, நிதி இல்லையென்று நூதனசாலை அந்தப் பதவியையே ஒழித்துவிட்டிருந்தது. வயது முப்பத்து மூன்று. திருமணமாகி வேலையில்லாமல் இருந்தார்.

நம் ஊரில் அந்த நிலையில் ஒரு குடும்பஸ்தன் இருந்தால் உறவினர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மனைவி தெஹ்மினா அப்படிச் சொல்லவில்லை. இருவரும் பம்பாய்க்கு அண்மையிலுள்ள கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியேறினார்கள். வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. சாலிம் அலி மாதக்கணக்கில் அவற்றின் முன்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை பின்னும். பெண் குருவிகள் வந்து பார்க்கும். ஒன்றுக்குப் பிடித்து அது குடியேறியதும், ஆண் அந்தக் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த துணைக்காக வேறொரு கூட்டைத் தொடங்கும். எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்த குருவியின் இந்த வாழ்க்கையை ஒழுங்காகக் கவனித்து எழுதியவர் வேலையிழந்த இந்த மனிதர்தான். அந்தக் கட்டுரை அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

அதன்பின் ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்டார். கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் தெஹ்மினா கூடவே போனார். 1939இல் ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் காலமானார். அந்த இழப்பு சாலிம் அலியை உலுக்கியது. சகோதரி வீட்டாரின் ஆதரவில் மீண்டும் எழுந்தார். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது முதல் நூல் வந்தது. சாதாரண வாசகனும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகக்கூடிய நூல் அது. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளியாயின. அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. அதில் இந்தியா, பாகிஸ்தானோடு நம் இலங்கையின் பறவைகளும் இடம்பெற்றிருக்கின்றன. எங்கள் தோட்டத்து ஆறுமணிக்குருவியும் அதில் இருக்கிறது.

பறவைகளுக்கு நாட்டெல்லை இல்லை என்பதை அவர் நடைமுறையில் காட்டினார். அவருடைய சங்கத்தினர் பறவைகளைப் பிடித்து, காலில் இலக்கமிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். வளையமுள்ள பறவை எங்கே கிடைத்தாலும் சங்கத்துக்கு அறிவிக்கும்படி அதில் பொறித்திருந்தார்கள். அப்படி வளையமிட்ட இடங்களில் ஒன்று கோடிக்கரை. அங்கிருந்து கடலைத் தாண்டினால் நம் யாழ்ப்பாணக் கரை. மாரிகாலத்தில் மன்னாரில் நிற்கும் பூநாரைகளும் உள்ளான்களும் வரும் வான்வழியும் அந்தப் பக்கந்தான்.

1958இல் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பத்ம விபூஷண் விருதும் ராஜ்ய சபா உறுப்புரிமையும் பின்னர் வந்தன. வெளிநாட்டில் கிடைத்த பெருந்தொகைப் பரிசைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியமாக்கினார். பரத்பூர் பறவைச் சதுப்பும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் பாதுகாக்கப்பட அவரது குரல் உதவியது. 1987இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

அவரை மார்க்கப் பெரியாராகக் காட்ட நான் வரவில்லை. குறையற்றவர் என்றும் சொல்லவில்லை. அக்கால வழக்கப்படி ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டவர்தான், அதை அவர் மறைத்ததும் இல்லை. நான் பார்ப்பது வேறொன்றை. அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும், பரீட்சைப் பெறுபேற்றைப் பாராமல் ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். மாமா, மில்லார்ட், பிளேட்டர், ஸ்ட்ரெஸ்மான், தெஹ்மினா. அவர்களில் முதலாமவருக்குப் பறவையியல் தெரியாது. தெரிந்தவரிடம் அனுப்ப வேண்டும் என்பது மட்டுந்தான் தெரியும்.

நம் சமூகத்தில் சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாளே ஒரு பிள்ளையின் கதையை முடித்துவிடுகிறோம். கடை, அல்லது வெளிநாடு. கடை வேலை இழிவல்ல. ஆனால் அந்தப் பிள்ளை எதைக் கண்டால் நின்று பார்க்கிறது என்று ஒருநாளாவது கேட்டோமா? ஆசிரியர்களாகிய நாங்கள் கேட்டோமா?

இப்போது நான் வருடாவருடம் ஜனவரியில் மாணவர்களை எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாகப் பூந்தலைக்குக் கூட்டிப்போகிறேன். 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. குளிர்தேசங்களிலிருந்து வந்த கரையோரப் பறவைகள் சேற்றைக் கிளறிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் கேட்பவற்றில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொல்கிறேன். கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்து, தெரிந்தவர்களிடம் அவர்களையே கேட்க வைக்கிறேன்.

சென்ற நோன்புப் பெருநாளுக்கு உடுப்பு எடுக்கப் போன இடத்தில் அந்த மாணவனைக் கண்டேன். அந்தக் குருவியின் பெயரைச் சொன்னேன். அவனுக்கு அப்படி ஒரு குருவி கொண்டுவந்ததே நினைவில்லை. சிரித்துக்கொண்டே துணியை மடித்து வைத்தான். எனக்குத்தான் மறக்கவில்லை.

அடுத்த ஒக்டோபரில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் எதையாவது கையில் ஏந்திக்கொண்டு வரக்கூடும். பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, தயவுசெய்து உட்கார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.