நிற்கத் தெரிந்த தறி

விரைந்து ஓடுவதே இயந்திரத்தின் சிறப்பு என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதும் அதற்கு வேண்டிய பண்பு என்று உணர்ந்தவர் ஜப்பானைச் சேர்ந்த சாகிச்சி டொயோடா. உயர் தொழில்நுட்ப ஆலைகளில் பணியாற்றுவோர் இன்று பெற்றிருக்கும் முடிவெடுக்கும் உரிமைக்கு அவருடைய தறி ஒரு தொடக்கமாக அமைந்தது.

தச்சரின் மகன்

இன்றைய ஷிசுவோகா மாகாணத்தைச் சார்ந்த சிற்றூர் ஒன்றில் 1867ஆம் ஆண்டு சாகிச்சி பிறந்தார். தந்தை தச்சர், தாய் வீட்டில் தறி நெய்தவர். தந்தையிடம் தச்சுத் தொழிலைக் கற்ற சாகிச்சி, நெசவில் பெண்கள் படும் பாட்டைக் கண்டு வளர்ந்தார். 1890இல் டோக்கியோவில் நடைபெற்ற தொழிற்காட்சியில் இயந்திரங்களைக் கண்டு வியந்தார். மறு ஆண்டே, ஒரு கையால் இயக்கத்தக்க மரத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு அகவை 24.

அறுந்த நூல்

அடுத்து அவர் விசைத்தறியில் கருத்தைச் செலுத்தினார். விசைத்தறி விரைவாக நெய்தது. எனினும் நூல் அறுந்தாலும் அது அறியாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். பழுதான துணி வீணாகும். அதனைத் தடுக்கத் தொழிலாளர் இமை கொட்டாது தறியைக் காத்து நிற்க வேண்டும். மனிதர் இயந்திரத்திற்குக் காவலாயினர்.

1896இல் அவர் உருவாக்கிய விசைத்தறி, ஊடைநூல் அறுந்தவுடன் தானே நின்றது. பின்னர்ப் பாவுநூலுக்கும் அத்தகைய அமைப்பு உருவானது. மெல்லிய உலோகத் தகட்டை நூல் தாங்கியிருக்கும், நூல் அறுந்தால் தகடு விழும், தறி நிற்கும். பிழையைக் காட்டுவது இயந்திரத்தின் பணியாயிற்று. அதன் காரணத்தை ஆராய்ந்து முடிவெடுப்பது மனிதரின் பணியாயிற்று.

தளரா முயற்சி

அவருடைய வாழ்வு மேடு பள்ளமற்றதன்று. தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே 1910இல் அவர் விலக நேர்ந்தது. மனம் தளராமல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்து ஆலைகளைக் கண்டறிந்தார். நாடு திரும்பியதும் சொந்தமாக நெசவாலை அமைத்துத் தம் தறிகளை அங்கேயே சோதித்தார். 1924இல் மகன் கிச்சிரோவின் துணையுடன் உருவாக்கிய தானியங்கித் தறி, ஓட்டம் தடைப்படாமலே நாடாவை மாற்றிக்கொண்டது. ஒருவரே 30க்கும் மேற்பட்ட தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் உரிமையை விலைகொடுத்துப் பெற்றது. 1930இல் சாகிச்சி மறைந்தார்.

ஏன் என்னும் வினா

ஏன் என்று அடுத்தடுத்து ஐந்து முறை வினவும் முறையும் அவர் வழிவந்ததாகக் கூறப்படுகிறது. எடுத்துக்காட்டாக, பாவுநூல் ஏன் அறுந்தது? இழுவிசை மிகுந்தது. ஏன் மிகுந்தது? தடித்த நூலுக்கு வைத்த அளவு மாற்றப்படவில்லை. ஏன் மாற்றப்படவில்லை? நூல் மாறிய செய்தி தறியாளருக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை? அதனைத் தெரிவிக்கும் முறையே இல்லை. முதல் விடையோடு நின்றால் நூலை முடிச்சிடுவோம். இறுதி விடைவரை சென்றால் முறையைத் திருத்துவோம்.

கிச்சிரோ 1937இல் தோற்றுவித்த மகிழுந்து நிறுவனம் இக்கருத்தை மனிதருக்கும் விரித்தது. குறையைக் கண்ட தொழிலாளர் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்னும் உரிமை அங்கு வழங்கப்பட்டது. நிறுத்தினால் இழப்பு வரும். நிறுத்தாவிட்டால் பழுது வாங்குவோரைச் சென்றடையும். இரண்டையும் எடைபோட்டு நொடிப்பொழுதில் முடிவெடுக்கத் தொழிலறிவு வேண்டும், துணிவும் வேண்டும். நிறுத்தியவரைப் பழிக்காத மேலாண்மை இருந்தால்தான் அத்துணிவு நிலைக்கும்.

இன்றைய ஆலைகளில் உணரிகள் எண்ணற்ற தரவுகளைத் தருகின்றன. அவற்றுள் எது பிழை, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தேரும் பொறுப்பு இன்றும் மனிதரிடமே உள்ளது. அறுந்த ஓர் இழைக்காகத் தறியை நிற்கச்செய்த சாகிச்சி, அப்பொறுப்பிற்கு வழிகாட்டியாக நிலைபெற்றிருக்கிறார்.