கே. சி. மகிந்திரா

கைலாஷ் சந்திர மகிந்திரா (1894 – 1963) இந்தியத் தொழிலதிபர்களுள் ஒருவர். சுருக்கமாக கே. சி. மகிந்திரா என அறியப்படுகிறார். தம் அண்ணன் ஜகதீஷ் சந்திர மகிந்திராவுடனும் குலாம் முகம்மதுவுடனும் சேர்ந்து இவர் 1945 ஆம் ஆண்டு நிறுவிய நிறுவனமே பின்னாளில் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் பெற்றது. ஜீப் வண்டியை இந்தியாவில் உருவாக்கும் முயற்சிக்கு வித்திட்டவர் இவரே. கரடுமுரடான பாதைகளில் செல்லும் வண்டிகளுக்கு எவ்வகை வில் பொருத்தமானது என்னும் கேள்வியின் இந்திய வரலாறும் பெரும்பாலும் இந்த ஜீப்பிலிருந்தே தொடங்குகிறது.

இளமையும் கல்வியும்

கே. சி. மகிந்திரா பஞ்சாப் மாநிலத்தின் லூதியானாவில் பிறந்தார். குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகள். தந்தை இளவயதிலேயே இறந்ததால் மூத்தவரான ஜகதீஷ் சந்திரர் குடும்பப் பொறுப்பை ஏற்றுத் தம்பி தங்கையரைப் படிக்க வைத்தார். கே. சி. மகிந்திரா லாகூர் அரசுக் கல்லூரியில் பயின்ற பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர்ந்தார்.

தாயகம் திரும்பியபின் கல்கத்தாவில் இயங்கிய மார்ட்டின் நிறுவனத்தில் பணியாற்றினார். அந்நிறுவனத்தின் தலைவரும் புகழ்பெற்ற பொறியாளருமான சர் ராஜேந்திரநாத் முகர்ஜியின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி 1933 இல் வெளியிட்டார். இந்துஸ்தான் ரிவ்யூ என்னும் இதழின் ஆசிரியராகவும் இருந்தார்.

அமெரிக்கப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், அமெரிக்காவில் செயல்பட்ட இந்திய வழங்கல் தூதுக்குழுவின் தலைவராக இவர் நியமிக்கப்பட்டார். இந்தியாவுக்குத் தேவையான போர்க்காலப் பொருட்களைப் பெறுவது அக்குழுவின் பணி.

அங்கு இவர் வில்லிஸ் ஓவர்லேண்ட் நிறுவனத்தின் பொறியாளர் பார்னி ரூஸைச் சந்தித்தார். ஜீப்பை ரூஸ் ஒருவரே கண்டுபிடித்தார் எனக் கூறப்படுவதுண்டு. அது முழுமையாகச் சரியன்று. 1940 இல் பாண்டம் நிறுவனத்துக்காக முதல் வரைபடத்தை வரைந்தவர் கார்ல் புரோப்ஸ்ட். வில்லிஸ் வண்டியின் 60 குதிரைத்திறன் கொண்ட இயந்திரத்தை மேம்படுத்தியவர் ரூஸ். போர்க்களத்தின் சேற்றிலும் மணலிலும் தாக்குப்பிடித்த இவ்வண்டி, இந்தியாவின் மண் பாதைகளுக்கும் ஏற்றதாக இருக்கும் என்ற எண்ணம் மகிந்திராவுக்கு இச்சந்திப்பின்போது எழுந்தது.

நிறுவனத்தின் தோற்றம்

1945 அக்டோபர் 2 அன்று மகிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் எஃகு வணிகமே அதன் தொழில். ஜகதீஷ் சந்திரர் டாட்டா எஃகு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் பணியாற்றியவர், போர்க்காலத்தில் இந்திய அரசின் எஃகுக் கட்டுப்பாட்டாளராகவும் இருந்தவர். அவருடைய அனுபவம் இத்தொழிலுக்கு உதவியது.

1947 இல் நாடு பிரிவினையானபோது குலாம் முகம்மது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951 முதல் 1955 வரை அதன் தலைமை ஆளுநராகவும் பதவி வகித்தார். பெயரில் பாதியை இழந்த நிறுவனம், 1948 இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாற்றப்பட்டது. பம்பாயின் மசகான் பகுதியில், இறக்குமதியான உதிரிப் பாகங்களைக் கொண்டு ஜீப் வண்டிகளைப் பூட்டும் பணி தொடங்கப்பட்டது. 1951 இல் அண்ணன் மறைந்தார். அதன்பின் நிறுவனத்தை வழிநடத்தும் பொறுப்பு கே. சி. மகிந்திராவைச் சேர்ந்தது. 1950களில் வில்லிஸ் நிறுவனத்தின் கூட்டுறவுடன் பாகங்களைப் படிப்படியாக இந்தியாவிலேயே செய்யும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

ஜீப்பும் பட்டைவில்லும்

இவர் கொண்டுவந்த ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைவில்லே பொருத்தப்பட்டிருந்தது. நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்பிரிங் பட்டை என வழங்குவது இதுவே. நீளம் குறைந்துகொண்டே வரும் பல எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டி இது செய்யப்படுகிறது.

பட்டைவில் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது. வண்டியின் எடையைத் தாங்குகிறது. அச்சு முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் துள்ளலையும் ஓரளவு அடக்குகிறது. ஒரு பட்டை உடைந்தாலும் மற்றவற்றின் துணையுடன் வண்டியை மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம். சிற்றூர்ப் பட்டறையிலேயே புதிய பட்டை போட்டுக்கொள்ளவும் முடியும். உதிரிப் பாகங்கள் கிடைப்பதே அரிதாயிருந்த அக்கால இந்தியாவில் இது பெரும் வசதியாகும். எனினும், அதே உராய்வினால் சிறு மேடுபள்ளங்களிலும் பயணம் கடினமாக இருந்தது.

தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள், காவல் துறை, வனத் துறை ஆகியவற்றில் இவ்வண்டிகள் நெடுங்காலம் பயன்பட்டன. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்வதும் ஜீப்புகளே. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு சூரியநெல்லியிலிருந்து செல்லும் கற்பாதையும் ஜீப் பாதைதான். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றும் இத்தகைய பாதைகளில், சொகுசைவிட வில் முறியாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

சுருள்வில்லும் காற்றுப்பையும்

சுருள்வில் எடையை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடித்துக்கொள்ளத் தனியாக இணைப்புக் கரங்கள் தேவை. ஆயினும் உராய்வு குறைவு என்பதாலும், சக்கரம் அதிகத் தொலைவு மேலும் கீழும் அசைய இயலும் என்பதாலும், பள்ளத்தில் இறங்கும் சக்கரம் தரையை விடாமல் பற்றும். 1970 இல் வெளிவந்த பிரித்தானிய ரேஞ்ச் ரோவர், நான்கு சக்கரங்களிலும் நீண்ட அசைவுடைய சுருள்வில்லைக் கொண்டு இதனை மெய்ப்பித்தது.

அதே ரேஞ்ச் ரோவரில் 1992 இல் காற்றுவில் அறிமுகமானது. இதில் எஃகுக்குப் பதிலாக ரப்பர் பைக்குள் அழுத்தப்பட்ட காற்று எடையைத் தாங்குகிறது. காற்றைக் கூட்டியும் குறைத்தும் வண்டியின் உயரத்தை மாற்றலாம். சுமை ஏறினாலும் உயரம் தாழாது. ஆனால் காற்றழுத்தி, அடைப்பிதழ்கள், குழாய்கள், உணரிகள், மின்னணுக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் ஒழுங்காக இயங்க வேண்டும். காட்டுப் பாதையில் பை கிழிந்தால் வண்டி அடிப்பகுதி தரையை நோக்கித் தாழ்ந்துவிடும். அதைச் சரிசெய்ய ஊர்ப்பட்டறை போதாது. இந்தியாவில் காற்றுவில் பெரும்பாலும் நல்ல சாலைகளில் ஓடும் பேருந்துகளிலும் விலையுயர்ந்த தானுந்துகளிலும் காணப்படுகிறது. சென்னை பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் வணிக வண்டிகளுக்கான காற்றுவில் அமைப்புகளைத் தயாரிக்கிறது.

மகிந்திரா ஜீப்பின் வழிவந்த வண்டிகளில் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. 2010 இல் வந்த தார் வண்டியின் பின்புறத்திலும் பட்டைவில்லே இருந்தது. 2020 இல் வெளியான புதிய தார் வண்டியில்தான் முன்னும் பின்னும் சுருள்வில் இடம்பெற்றது. இது செங்கல்பட்டு அருகேயுள்ள மகிந்திரா ஆய்வு மையத்தில் உருவாக்கப்பட்டது. கே. சி. மகிந்திரா தேர்ந்த பட்டைவில், அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலும் நிலைத்திருந்தது எனலாம். காற்றுவில்லை இவ்வண்டி ஏற்கவில்லை.

பொதுப் பணிகள்

இந்திய அரசு அமைத்த நிலக்கரி வயல்கள் குழுவின் தலைவராக இவர் பணியாற்றினார். 1946 இல் வெளியான அதன் அறிக்கை மகிந்திரா குழு அறிக்கை எனப்படுகிறது. தானுந்து மற்றும் உழுபொறிக் குழுவுக்கும் தலைமை வகித்தார். இந்திய ரிசர்வ் வங்கி, ஏர் இந்தியா, இந்துஸ்தான் எஃகு நிறுவனம் ஆகியவற்றின் இயக்குநர் குழுக்களிலும் இடம்பெற்றார்.

1953 இல் கே. சி. மகிந்திரா கல்வி அறக்கட்டளையை நிறுவினார். வெளிநாடுகளில் மேற்படிப்புப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கு இது உதவித்தொகை வழங்குகிறது. ஏழைப் பெண் குழந்தைகளின் கல்விக்கான நன்ஹி கலி திட்டம் 1996 இல் இதன்வழி தொடங்கப்பட்டது. அண்ணனின் உதவியால் வெளிநாட்டில் படித்த ஒருவர் பிறர் படிப்புக்கென நிறுவிய அறக்கட்டளை என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

மறைவு

கே. சி. மகிந்திரா 1963 இல் மறைந்தார். உழுபொறித் தயாரிப்பில் நிறுவனம் அடியெடுத்து வைத்ததும் அதே ஆண்டில்தான். அவருக்குப்பின் மகன் கேசுப் மகிந்திரா (1923 – 2023) தலைமைப் பொறுப்பேற்று 2012 வரை அப்பதவியில் இருந்தார்.