டாக்டர் சுப்பாராவும் என் சோதனைக் குழாயும்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் மன்றத்துத் தம்பிகள் இரண்டு பேர் ஆம்பூருக்கே தேடி வந்துவிட்டார்கள். நான் தோல் தொழில்நுட்பப் பிரிவில் டிப்ளமோ முடித்தவன். இன்று ஒரு டேனரியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, தம்பிகளில் ஒருவர் மெல்ல இன்னொரு பேச்சை எடுத்தார். அவருடைய அக்கா வேலூரில் நுண்ணுயிரியல் படிக்கிறாராம். வீட்டு மோரிலிருந்து ஒரு நல்ல பாக்டீரியாவைப் பிரித்திருக்கிறாராம். வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமி, அதாவது புரோபயாட்டிக். அதற்குக் காப்புரிமை வாங்க என்ன செய்யணும் அண்ணே என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்போனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லவேண்டும். அவர் பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். நாம் விழுங்கிய எத்தனையோ மாத்திரைகளின் பின்னால் நிற்பவர். 1995-ல் நூற்றாண்டு நினைவாக இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. ஆனாலும் நம்மில் பலருக்கு அவர் முகம் தெரியாது.

மூன்றாம் முறை தேறியவர்

1895 ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமையான குடும்பம். படிப்பில் சூரப்புலி என்று நினைத்துவிடாதீர்கள். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

பிறகு மாநிலக் கல்லூரி. துறவியாகிவிடலாம் என்று ராமகிருஷ்ண மடத்துப் பக்கம் மனம் போயிற்று. கடைசியில் மருத்துவம் படிக்கச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மாமனார் பண உதவி செய்தார். அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை அங்கியையே கதரில் தைத்துப் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்கவேண்டியவருக்கு எல்.எம்.எஸ். என்ற குறைந்த பட்டம்தான் கிடைத்தது.

அதற்குள் வீட்டில் இடிமேல் இடி. ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களைச் சில நாட்கள் இடைவெளியில் பறிகொடுத்தார். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், பேதியாகிப் பேதியாகி, ரத்தம் சோகையாகி ஆளைக் கரைத்துவிடும் நோய் அது. பின்னாளில் அவருக்கும் அதே நோய் வந்தது. டாக்டர் ஆசந்த லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்தில் பிழைத்தார். அதே ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகவும் ஆனார்.

இந்த நோய் நமக்கு அந்நியமானதல்ல. 1960-களின் தொடக்கத்தில் நம் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலவே பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் உலகப் புகழ் பெற்றவை. அந்த நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம். அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர், சகோதரர்களை அதே நோய்க்குக் கொடுத்த இந்த சுப்பாராவ்தான்.

பாஸ்டன் முதல் பேர்ல் ரிவர் வரை

1922 அக்டோபரில் பாஸ்டன் போய் இறங்கினார். பையில் காசு இல்லை. பகலில் ஹார்வர்டில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. ஊரில் மனைவியை விட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அந்தம்மாவின் காத்திருப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். பெரிய மனிதர்களின் கணக்கில் அப்படி ஒரு பற்றுப் பக்கமும் உண்டு.

1925-ல் பேராசிரியர் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்கும் முறையைக் கண்டார். 1927-ல் தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டினை அறிவித்தார்கள். இருந்தும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அது அமெரிக்கன் சயனமிட் கம்பெனியின் ஒரு பிரிவு. அங்கே ஆராய்ச்சி இயக்குநரானார்.

அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்களேன். 1945-ல் ஃபோலிக் அமிலம். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு இருப்பது அதுதான். 1947-ல் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசைன். தமிழ்நாட்டில் வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரை என்றால் உடனே புரியும். 1948-ல் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரினும் சுப்பாராவின் குழு தந்ததே.

ஃபோலிக் அமிலத்தில் ஒரு சுவையான விஷயம். அது எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அளக்க அவர்கள் நம்பியது ஒரு பால்கிருமியை. அந்தச் சத்து இருந்தால்தான் அது வளரும். எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு சத்து என்று கணக்கு. அந்தக் கிருமியை அன்று லாக்டோபாசில்லஸ் கேசி என்றார்கள். அந்த அளவைக்கு வழக்கமாகப் பயன்படும் அமெரிக்கச் சேமிப்பக எண் 7469 கிருமிக்கு இன்று ராம்னோசஸ் என்று பெயர். பெயர் மாறிவிட்டது, எண் மாறவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மோர்க் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

வயல் மண்ணில் ஒரு தங்கம்

பெனிசிலினுக்கு மசியாத கிருமிகளைக் கொல்ல மண்ணில் மருந்து தேடச் சொன்னார் சுப்பாராவ். அந்த வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பெஞ்சமின் டக்கர். எழுபது வயதைத் தாண்டிய, பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர். ஊர் ஊராக மண் வரவழைத்தார்கள். மிசூரிப் பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் 1945-ல் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. பொன்னிறமாக இருந்ததால் ஸ்ட்ரெப்டோமைசஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்று பெயர். அது தந்த மருந்து ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. 1994-ல் சூரத்தில் பிளேக் பயம் வந்தபோது ஜனங்கள் கடை கடையாகத் தேடிய டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் இந்தக் குடும்பம்தான்.

1948 ஜூலையில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53. அடுத்த ஆண்டு, 1949-ல், டக்கர் பெயரில் காப்புரிமை வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். காப்புரிமை என்பது ஒரு பேரம். உன் வித்தையை முழுசாக எழுதிக் கொடு, குறிப்பிட்ட காலம் உனக்கு மட்டும் உரிமை தருகிறேன், பிறகு அது ஊருக்குப் பொது என்கிறது அரசு. இயந்திரம் என்றால் நாம் டிராயிங் ஹாலில் போடுகிற மாதிரி பிளான், எலிவேஷன் வரைந்து கொடுத்துவிடலாம். லேத் தெரிந்தவன் அதைப் பார்த்துச் செய்துவிடுவான். ஒரு கிருமியை எப்படி வரைவது? நிறம், வடிவம், வளரும் வெப்பம் எல்லாம் எழுதலாம். அதைப் படித்துவிட்டு அதே வயலில் ஆயிரம் முறை மண் எடுத்தாலும் அதே கிருமி கிடைக்கும் என்று யார் சொல்ல முடியும்?

அதனால் அந்த நிறுவனம் கிருமியையே கொண்டுபோய், பியோரியா நகரில் அமெரிக்க வேளாண்மைத் துறை நடத்திய ஆய்வகத்தில் ஒப்படைத்தது. அதற்குக் கிடைத்த எண் 2209. காப்புரிமைக்காக அந்தச் சேமிப்பகம் ஏற்ற முதல் கிருமி அதுதான். வரைபடம் இல்லாத இடத்தில் உயிரையே சாட்சியாக வைத்தார்கள். தன் கூரையின் கீழ் கிடைத்த உயிர் அங்கே போய்ச் சேர்ந்ததைப் பார்க்க சுப்பாராவ் இல்லை.

என் குழாய் போன கதை

இந்த அருமை எனக்குப் புரிந்தது புத்தகத்தால் அல்ல. டிப்ளமோ முடித்துச் சேர்ந்த முதல் டேனரியில், தோல் நனைக்கும் தொட்டி ஓரத்து மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தேன். அதை வளர்த்த நீரில் ஆட்டுத்தோலைப் போட்டால், சல்பைடு இல்லாமலே மறுநாள் முடி வழுக்கிக்கொண்டு வரும். சுண்ணாம்பும் சல்பைடும் பாலாற்றுக்கு என்ன செய்தன என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்? சென்னையில் சி.எல்.ஆர்.ஐ. போன்ற பெரிய நிறுவனங்கள் என்சைம் வழியில் வெகுகாலமாக உழைத்துவருகின்றன. என்னுடையது அணில் பங்கு. ஆனாலும் எனக்கு அது பெரிசு.

அந்தக் கிருமி ஒரே ஒரு சோதனைக் குழாயில், பஞ்சு அடைத்து, ஃப்ரிட்ஜில் இருந்தது. மேலதிகாரியிடம் முறையாக எங்காவது கொடுத்து வைப்போம் என்றேன். அதற்கெல்லாம் செலவு எதுக்கு, அதான் நோட்டில் எழுதியிருக்கியே என்று முடித்துவிட்டார். 2012 பொங்கல் விடுமுறை. மின்வெட்டு நாட்டையே ஆட்டிப்படைத்த காலம். திரும்பி வந்து பார்த்தால் ஐஸ் உருகி வழிந்து, பஞ்சு நனைந்து, குழாய் முழுக்கப் பூஞ்சை. எவ்வளவு முயன்றும் என் கிருமியைத் தனியே மீட்க முடியவில்லை.

நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது. நாற்பது பக்கம். அதே தொட்டி ஓரத்தில் மறுபடி மறுபடி மண் எடுத்தேன். நூற்றுக்கணக்கான கிருமிகள் வந்தன, அது வரவில்லை. எழுத்தால் உயிரைத் திருப்பிக் கூப்பிட முடியாது என்று அன்றுதான் உறைத்தது. மேலதிகாரியை மட்டும் குறை சொல்லமாட்டேன். இன்னொரு குழாய் போட்டு வைக்க எனக்குக் கை இல்லையா?

அக்காவுக்குச் சொல்லும் பதில்

அக்கா கவனிக்க வேண்டியவை இவை.

1977-ல் புடாபெஸ்ட் நகரில் நாடுகள் ஒரு உடன்படிக்கை செய்தன. அங்கீகாரம் பெற்ற ஒரு சேமிப்பகத்தில் கிருமியை ஒப்படைத்தால் உறுப்பு நாடுகள் எல்லாம் அதை ஏற்கும். நாட்டுக்கு நாடு தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இந்தியா 2001 டிசம்பரில் சேர்ந்தது. சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. சேமிப்பகம் 2002-ல் அங்கீகாரம் பெற்றது, புனே சேமிப்பகம் 2011-ல்.

கிருமியைப் பனியில் உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சி, கண்ணாடிக் குப்பியில் அடைத்தோ, கடுங்குளிரில் உறைநிலையிலோ காப்பார்கள். உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவார்கள். குறைந்தது 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யாராவது மாதிரி கேட்டால், கடைசியாகக் கேட்ட நாளிலிருந்து 5 ஆண்டாவது வைத்திருக்க வேண்டும். இடையில் செத்துப்போனால் சொல்லி அனுப்புவார்கள். 3 மாதத்துக்குள் அதே கிருமியை மறுபடி கொடுக்க வேண்டும். ஆகவே நம் கையிலும் ஒரு பங்கு பத்திரமாக இருக்கணும்.

நம் காப்புரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, எழுத்தால் முழுசாக விளக்க முடியாத, வெளியில் கிடைக்காத கிருமி என்றால், இந்தியாவில் விண்ணப்பிக்கும் நாளுக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குப் பிறகு பார்த்துக்கலாம் என்ற பேச்சே இல்லை. சேமிப்பகத்தின் பெயர், தேதி, எண், கிருமி எந்த ஊரில் எதிலிருந்து கிடைத்தது என்பதெல்லாம் சொல்ல வேண்டும். நாட்டின் உயிர்வளம் என்பதால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வாசலையும் மிதிக்க வேண்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இயற்கையில் இருந்ததை அப்படியே கண்டெடுத்தேன் என்றால் நம் சட்டத்தில் காப்புரிமை கிடையாது. மோரில் இருந்த கிருமி மோரின் கிருமிதான். அதை மாற்றியமைத்ததிலோ, அதைக் கொண்டு செய்த புதிய தயாரிப்பிலோ முறையிலோதான் உரிமை கேட்க முடியும். அதற்கு முன்னால் கருத்தரங்கில் படித்து விளம்பரப்படுத்திவிட்டால் புதுமை என்ற தகுதியும் போய்விடக்கூடும்.

புரோபயாட்டிக் உலகில் பெயர்போன ஜி.ஜி. என்ற கிருமியைப் பாருங்கள். அமெரிக்காவில் கோர்பாக், கோல்டின் என்ற இரண்டு பேர் பிரித்தது. 1985-ல் விண்ணப்பித்து 1989-ல் காப்புரிமை பெற்றார்கள். முதலில் அதை அசிடோஃபிலஸ் என்று நினைத்தார்கள், பிறகு கேசி, அதன்பின் ராம்னோசஸ். சுப்பாராவின் காலத்தில் சத்தை அளந்த பால்கிருமியின் அதே இனம்! மூன்று பெயர் மாறியும் வழக்கில் குழப்பமில்லை. ஏனென்றால் சேமிப்பகத்தில் 53103 என்ற எண்ணில் அந்த உயிர் இருக்கிறது. யாருக்குச் சந்தேகமோ அவர் குப்பியைத் திறந்து பார்க்கலாம்.

சுப்பாராவ் மறைந்தபின், 1953-ல், லெடர்லேயில் பணியாற்றிய ஹெசல்டைன் என்ற பூஞ்சை அறிஞர், கழிவுநீர் வடிகட்டும் படுகையில் கிடைத்த ஒரு புதிய பூஞ்சைக்கு சுப்பாராவோமைசஸ் என்று பெயரிட்டார். சாக்கடைப் பூஞ்சைக்கா இந்தப் பெயர் என்று முகம் சுளிக்க வேண்டாம். நம்ம ஊர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் உயிருக்கு எவ்வளவு மரியாதை தரவேண்டும் என்று. அவருக்கு அதைவிடப் பொருத்தமான சிலை வேறு இல்லை.

தம்பி, அக்காவிடம் சொல்லுங்கள். நோட்டை அப்புறம் அழகாக எழுதிக்கொள்ளலாம். இன்று ராத்திரியே இன்னொரு குழாய் போட்டு, இன்னொரு ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.