உறக்கத்தின் சாவி யார் கையில்?

மெஸ்மரிசம் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் வருவது என்ன? கூரிய பார்வை, நீட்டிய விரல்கள், எதிரே மயங்கிச் சாயும் மனிதன்! அந்த விரல்களிலிருந்து ஏதோ சக்தி பாய்கிறது என்று எண்ணி மிரண்டவர்கள் ஏராளம். எதுவும் பாயவில்லை, சக்தி இருப்பது மயங்குகிறவனிடமே என்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் நகரின் நடுவே நின்று சொன்னார் ஒருவர். அவர் வெள்ளையரல்லர், கோவாவில் பிறந்த கறுத்த மேனியர். பெயர், பாதிரியார் ஃபாரியா.

1756-ஆம் ஆண்டு, போர்த்துகீசியர் ஆண்ட கோவாவில், காந்தோலிம் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்தனர். தாய் கன்னிமாடம் புகுந்தார், தந்தை பாதிரியாரானார். பதினைந்து வயதில் தந்தையுடன் கப்பலேறி, 1771-இல் லிஸ்பன் சேர்ந்தார். ரோம் சென்று படித்து, 1780-இல் குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளைய நிகழ்ச்சியொன்றை இன்றும் சொல்வார்கள். போர்த்துகல் அரசியின் முன்னிலையில் பிரசங்கம் செய்ய எழுந்தவருக்கு நா எழவில்லை, உடல் நடுங்கிற்று. அருகிலிருந்த தந்தை கொங்கணி மொழியில் மெல்லச் சொன்னாராம்: இவர்களெல்லாம் வெறும் கீரை, வெட்டித் தள்ளு என்ற பொருளில். உடனே அச்சம் அகன்றது, பேச்சு பெருகிற்று. ஒரு சொல் மனிதனை இப்படி மாற்றுமா? இந்தக் கேள்விதான் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது என்பார்கள்.

கோவாவில் பிறந்த பாதிரிமார் எவ்வளவு படித்தாலும் உயர் பதவி அவர்களுக்கில்லை, அது ஐரோப்பியருக்கே. இந்த அநீதி 1787-இல் சதித் திட்டமாக வெடித்தது. காட்டிக் கொடுக்கப்பட்டது, 15 பேர் உயிரைப் பறித்தது பறங்கி அரசு. ஃபாரியாவின் தந்தைமீதும் சந்தேகம் விழுந்தது. 1788-இல் ஃபாரியா பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் புரட்சி! அந்தக் கொந்தளிப்பில் அவரும் இறங்கினார். 1795-இல் ஆளும் சபையை எதிர்த்தெழுந்த கூட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கினார்.

பாரிசில் அதற்கு முன்பே மெஸ்மர் என்ற மருத்துவர் பெரும்புகழ் பெற்றிருந்தார். 1778-இல் அங்கு வந்தவர் அவர். உலகெங்கும் காந்தத் திரவம் ஒன்று பரவியிருக்கிறது, அதை நோயாளி உடலில் செலுத்தித் தம்மால் குணப்படுத்த முடியும் என்றார். பிரபுக்களும் சீமாட்டிகளும் குவிந்தனர். 1784-இல் மன்னன் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்கிளினும் லவாய்சியரும் இருந்தனர். சோதித்தார்கள். திரவமும் இல்லை, காந்தமும் இல்லை. எல்லாம் கற்பனையின் வேலை என்று தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பு சரிதான். ஆனால் வெறும் கற்பனை எப்படி வலியைப் போக்குகிறது, எப்படி உறங்கவைக்கிறது? அந்த இடத்தைத்தான் ஃபாரியா பற்றினார்.

1813-இல், பாரிஸ் கிளிஷித் தெருவில் பொதுச் சொற்பொழிவுகளைத் தொடங்கினார். கைவீச்சு இல்லை, காந்தக்கோல் இல்லை. வந்தவரை நாற்காலியில் அமர்த்துவார். கண்ணை மூடி, உறக்கத்தையே நினைக்கச் சொல்வார். பிறகு உரத்த குரலில், உறங்கும்படி கட்டளையிடுவார். அவ்வளவே! சிலர் உறங்கினர், சிலர் உறங்கவில்லை. உறங்கியவருக்கு, அவர் சொன்னபடி வெறுந்தண்ணீர் வேறு சுவையாக இனித்தது. அப்போது சொல்லிவைத்ததை விழித்தபின் செய்தாரும் உண்டு. இதற்குத் தெளிந்த உறக்கம் என்று அவர் பெயரிட்டார்.

இந்த வித்தையால் அவர் பெரிய மந்திரவாதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதென்ன? நான் உறக்கத்தை ஊட்டவில்லை. உறங்குகிறவர் மனத்தை ஒருமுகப்படுத்துகிறார், என் சொல் அதற்கு ஒரு தூண்டுதல் மட்டுமே. இணங்காதவரை எவராலும் உறக்க முடியாது என்றார். தம் அதிகாரத்தைத் தாமே மறுத்த அதிசய வித்தைக்காரர்!

எல்லாம் சரியாகச் சொன்னாரா? இல்லை. இரத்தம் இளகியவர்களே எளிதில் உறங்குவர் என்றார், அது தவறு. அந்நிலை உண்மை உறக்கமன்று என்பதையும் பிற்கால மூளையலைப் பதிவுகள் காட்டிவிட்டன. ஆனால் அடிப்படை நிலைத்தது.

சும்மா விட்டார்களா? மெஸ்மரின் சீடர்கள் திரவத்தை மறுக்கிறாரே என்று சீறினர். மதவாதிகள் பேயின் வேலை என்றனர். நடிகர் ஒருவர் உறங்குவதுபோல் பாசாங்கு செய்து, எழுந்து நின்று ஏளனம் செய்தார். 1816-இல் அவரைக் கேலி செய்யும் நாடகமே மேடையேறியது. ஊர் சிரித்தது, வகுப்பு காலியாயிற்று. கன்னிமாடம் ஒன்றில் பாதிரியாராக ஒதுங்கி, தம் ஆராய்ச்சியை நூலாக எழுதினார். 1819-இல் நூல் அச்சேறிய ஆண்டே, செப்டம்பர் 20-இல் மறைந்தார். கல்லறைக்கு அடையாளம்கூட இல்லை.

பின்னர் அலெக்சாண்டர் டூமா, மாண்டி கிறிஸ்டோ நாவலில் வரும் தீவுச் சிறைக் கைதிக்கு அவர் பெயரைச் சூட்டினார். பெயர் உலகெங்கும் பரவியது, மனிதர் மறக்கப்பட்டார். 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். 1880-களில் பிரான்சின் நான்சி நகர மருத்துவர் பெர்ன்ஹீம், கருத்தூட்டலே இதன் அடிப்படை என நிறுவியபோது, முன்னோடி ஃபாரியாவே என ஒப்புக்கொண்டார். இன்று வலி தணிக்க மருத்துவர்கள் கையாளும் முறைக்கு வேர் அங்கேதான்.

பனாஜி நகரில் 1945-இல் அவருக்குச் சிலை எழுப்பினார்கள். சாய்ந்த ஒரு பெண்ணின்மேல் இரு கைகளையும் நீட்டி நிற்கிறார். பார்க்கிறவருக்கு அந்தக் கைகளிலிருந்து சக்தி பாய்வதாகவே தோன்றும். எதை மறுக்க அவர் வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அதையே வடித்துவிட்டார்கள்! கோவா செல்லும் தோழர்கள் அந்தச் சிலையைக் கண்டால், கைகளைப் பார்த்து மயங்க வேண்டாம் என்போம். சாய்ந்திருக்கும் அந்தப் பெண்ணைப் பாருங்கள். சாவி அவளிடம் இருக்கிறது.