ஸ்வீட்வாட்டர் கிளிஃப்டன்: என்பிஏ கதவைத் திறந்தவர், பிறகு டாக்சி ஓட்டியவர்

1980களில் சிகாகோ நகரில் நீங்கள் ஒரு டாக்சியில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநருக்கு வயது அறுபதுக்கு மேல். கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம். ஸ்டியரிங்கே சின்னதாகத் தெரியும் அளவுக்குப் பெரிய கைகள். போக வேண்டிய இடத்தைச் சொல்கிறீர்கள். இறங்கும்போது காசு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

அந்த டாக்சி அங்கிள் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அவர் நத்தானியல் கிளிஃப்டன். எல்லாரும் கூப்பிட்ட பெயர் ஸ்வீட்வாட்டர். இன்று காலையில் வேலைக்கோ பள்ளிக்கோ போகும் வழியில் நீங்கள் கைத்தொலைபேசியில் பார்க்கும் என்பிஏ ஆட்டங்களில் பெரும்பாலான நட்சத்திரங்கள் கறுப்பினத்தவர்கள், இல்லையா? 1950ஆம் ஆண்டு வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பினத்தவர்கூட விளையாடியதில்லை. அதை மாற்றியவர்களில் ஒருவர்தான் கிளிஃப்டன்.

பெயரையே மாற்றிய பையன்

கிளிஃப்டன் 1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் சிகாகோவுக்கு வந்துவிட்டது.

அவருடைய உண்மையான பெயர் கிளிஃப்டன் நத்தானியல். பள்ளியில் படிக்கும்போதே நன்றாக விளையாடியதால் அவர் பெயர் அடிக்கடி நாளிதழில் வந்தது. ஆனால் நத்தானியல் என்ற பெயர் தலைப்பில் அடங்காத அளவுக்கு நீளம் என்று செய்தியாளர்கள் குறைபட்டார்களாம். சரி என்று அவர் முன்பெயரையும் பின்பெயரையும் இடம் மாற்றிக்கொண்டார். குளிர்பானம் என்றால் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். ஸ்வீட்வாட்டர் என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

லூசியானா மாநிலத்தின் சேவியர் பல்கலைக்கழகத்தில் படித்தார். இரண்டாம் உலகப்போரின்போது ராணுவத்தில் சேவை செய்தார். போர் முடிந்து திரும்பியதும் கூடைப்பந்தைத் தொழிலாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் எங்கே விளையாடுவது? அதுதான் சிக்கல்.

திறமை இருந்தது, இடம் இல்லை

அப்போது கறுப்பின விளையாட்டாளர்களுக்கென்று தனி அணிகள் இருந்தன. நியூயார்க் ரென்ஸ் அவற்றில் ஒன்று. ஊர் ஊராகப் பயணம் செய்து, கிடைக்கும் எதிரணியோடு மோதும் அணி அது. கிளிஃப்டன் முதலில் அதில் விளையாடினார்.

1948இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் சேர்ந்தார். ஹார்லெம் என்பது நியூயார்க்கில் உள்ள ஒரு வட்டாரம். ஆனால் அந்த அணி உருவானது சிகாகோவில். விரல் நுனியில் பந்தைச் சுழற்றுவது, எதிராளியை ஏமாற்றிச் சிரிக்கவைப்பது என வேடிக்கை காட்டியே அரங்கை நிறைத்தவர்கள் அவர்கள். ஒரு கையால் பந்தை அப்படியே கவ்விப் பிடிக்கும் கிளிஃப்டனுக்கு அந்த அணி பொருத்தமாக அமைந்தது.

வெறும் வேடிக்கை அணி என்று நினைத்துவிடாதீர்கள். கிளிஃப்டன் சேர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1948 பிப்ரவரியில், குளோப்டிராட்டர்ஸ் அணி மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 61-59 எனத் தோற்கடித்திருந்தது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான ஜார்ஜ் மைக்கன் லேக்கர்ஸ் அணியில் இருந்தார். கறுப்பினத்தவர்கள் அந்தத் தரத்துக்கு விளையாட மாட்டார்கள் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போனது.

பிறகு ஏன் என்பிஏ அவர்களைச் சேர்க்கவில்லை?

இனபேதம் முதல் காரணம். இன்னொன்று, பணம். புதிய லீக்குக்குக் கூட்டம் வரவில்லை. குளோப்டிராட்டர்ஸ் விளையாடும் நாளில், அதே அரங்கில் லீக் ஆட்டத்தையும் நடத்தினால் கூட்டம் வரும். ஆக, அந்த அணியின் உரிமையாளர் ஏப் சேப்பர்ஸ்டீனை யாரும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. அவருடைய விளையாட்டாளர்களை இழுத்தால் அவர் கோபப்படுவார் என்ற பயம். நாடே விரும்பிப் பார்த்த அணியில் இருந்ததே அவர்களுக்கு ஒரு தடையாகிவிட்டது!

யார் முதல் ஆள்?

1950இல் தடை உடைந்தது. இந்த இடத்தில்தான் பலருக்குக் குழப்பம். முதலாமவர் யார் என்று தேடினால் வெவ்வேறு பெயர்கள் வரும். எல்லாமே சரிதான். எப்படி என்று பாருங்கள்.

என்பிஏ டிராஃப்ட்டில் முதலில் தேர்வு செய்யப்பட்ட கறுப்பினத்தவர் சக் கூப்பர். பாஸ்டன் செல்டிக்ஸ் அணி 1950 ஏப்ரலில் அவரை எடுத்தது.

அடுத்த நாள்களில் ஹெரால்ட் ஹண்டர் என்பவர் வாஷிங்டன் அணியுடன் ஒப்பந்தம் செய்தார். ஆனால் பயிற்சி முகாமிலேயே அவர் நீக்கப்பட்டார். ஒரு லீக் ஆட்டம்கூட விளையாடவில்லை.

மே மாதம் நியூயார்க் நிக்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தவர் கிளிஃப்டன். கையெழுத்திட்டு, களமிறங்கி, நிலைத்தும் நின்றார்.

முதலில் களமிறங்கியவரோ ஏர்ல் லாய்ட். 1950 அக்டோபர் 31இல் வாஷிங்டன் அணிக்காக ஆடினார். அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை, அட்டவணையில் அந்த அணியின் ஆட்டம் முதலில் வந்தது. கூப்பரும் கிளிஃப்டனும் சில நாள்களில் விளையாடிவிட்டார்கள்.

இதில் நமக்கு நெருக்கமான இன்னொரு தகவலும் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1947இல், இதே நிக்ஸ் அணியில் ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த வாட்டாரு மிசாக்கா மூன்று ஆட்டங்கள் விளையாடினார். பிறகு அணி அவரை விட்டுவிட்டது. கதவு ஒருமுறை கொஞ்சம் திறந்து மூடிக்கொண்டது என்றே சொல்லலாம்.

12,500 டாலர், அதில் அவருக்கு 2,500

கிளிஃப்டன் என்பிஏவுக்கு வந்தது ஒரு விற்பனை மூலம். சேப்பர்ஸ்டீன் அவருடைய ஒப்பந்தத்தை 12,500 டாலருக்கு நிக்ஸ் அணியிடம் விற்றார். கிளிஃப்டன் கைக்கு வந்தது 2,500 டாலர்.

முதல் பருவத்தின்போது அவருக்கு வயது 28. ஒரு கூடைப்பந்து விளையாட்டாளருக்கு அது உச்சத்தில் இருக்கும் வயது. அவருக்கோ அது ஆரம்பம்.

வந்த இடத்தில் வேலையும் மாறியது. குளோப்டிராட்டர்ஸ் அணியில் ரசிகர்களைக் கவர்ந்தவர் அவர். நிக்ஸ் அணிக்குத் தேவைப்பட்டது வேறு. எதிரணியின் உயரமான ஆளை மறிக்க வேண்டும். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எட்டிப் பிடிக்க வேண்டும். பந்தைச் சக ஆட்டக்காரரிடம் கொடுக்க வேண்டும். வித்தை காட்டத் தேவையில்லை, புள்ளிகளை மற்றவர்கள் எடுப்பார்கள்.

அதைத்தான் அவர் ஏழு பருவங்களாகச் செய்தார்.

அவருடைய முதல் பருவத்திலேயே நிக்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போனது. ரோச்செஸ்டர் ராயல்ஸ் அணியுடன் முதல் மூன்று ஆட்டங்களில் தோல்வி. அடுத்த மூன்றிலும் வெற்றி. ஏழாவது ஆட்டத்தில் 79-75 என நான்கே புள்ளிகளில் கிண்ணம் கைநழுவியது. 1952, 1953 ஆகிய ஆண்டுகளிலும் இறுதிச் சுற்று. இரண்டிலும் லேக்கர்ஸ் அணியிடம் தோல்வி. வெற்றியாளர் என்ற பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

1957இல் நட்சத்திரங்கள் மட்டும் விளையாடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதன்முறையாக அழைப்பு வந்தது. அப்போது அவருக்கு வயது 34. அதுவரை அந்த வயதில் யாரும் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் விளையாடியதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லலாம். எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்றும் கேட்கலாம்.

அணி அணியாக, ஊர் ஊராக

அதே ஆண்டு அவர் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஒரு பருவத்தோடு என்பிஏ வாழ்க்கை முடிந்தது.

கூடைப்பந்தோடு நிற்காமல் அவர் பேஸ்பாலும் விளையாடினார். கிளீவ்லண்ட் இந்தியன்ஸ் அமைப்பின் கீழ்நிலை அணிகளில் ஆடியிருக்கிறார். 1960களின் தொடக்கத்தில், சேப்பர்ஸ்டீன் நடத்திய இன்னொரு லீக்கில் சிகாகோ மேஜர்ஸ் அணிக்காகவும் களமிறங்கினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் எல்லாம் நின்றது.

பிறகு சிகாகோவில் டாக்சி ஓட்ட ஆரம்பித்தார்.

டாக்சி ஓட்டுவது கௌரவமான தொழில்தான், அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். இன்று என்பிஏவில் ஒரு பருவத்துக்கான குறைந்தபட்சச் சம்பளமே ஒரு மில்லியன் டாலருக்கு மேல். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது கிடைக்கும். அந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியும் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியிருந்தது.

1990 ஆகஸ்ட் 31இல் சிகாகோவில் தம் டாக்சிக்குள்ளேயே மாரடைப்பால் அவர் காலமானார். வயது 67.

தாமதமாக வந்த மரியாதை

2014இல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. அவர் இறந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு. 2023இல் அவருடைய வாழ்க்கையை வைத்து 'ஸ்வீட்வாட்டர்' என்ற திரைப்படமும் வந்தது.

இணையத்தில் அவருடைய புள்ளிவிவரத்தைத் தேடிப் பார்த்தால், என்பிஏவில் 544 ஆட்டங்கள், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 10 புள்ளிகள் என்று இருக்கும். பெரிய எண் இல்லையே என்று தோன்றலாம்.

ரென்ஸ், குளோப்டிராட்டர்ஸ் அணிகளில் அவர் விளையாடிய ஆண்டுகள் அந்தக் கணக்கில் வராது. அணிக்காக அவர் எடுக்காமல் விட்ட புள்ளிகளும் வராது. அடுத்த முறை யாராவது என்பிஏவின் முன்னோடிகளைப் பற்றிப் பேசும்போது, ஸ்வீட்வாட்டர் கிளிஃப்டன் என்ற பெயரையும் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்கு இப்போது தெரியும்.