ஓசூர் சாலையில் ஒரு மருத்துவர்

ஓசூர் தொழிற்பேட்டையில் தலையில் அடிபட்ட தொழிலாளியும், கிருஷ்ணகிரிச் சிற்றூரில் வலிப்பு கண்ட பிள்ளையும் மாநில எல்லை தாண்டி நாடுவது பெங்களூரு ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தை. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவராக நான் கருதுவது எம்.வி.கோவிந்தசுவாமியை (1904–1961).

வெளிநாட்டில் மனநல மருத்துவம் பயின்று திரும்பிய அவர், பெங்களூரு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார். நோயாளிகளைப் பராமரிப்பதோடு அமையாமல், நோயின் வேரை மூளையிலும் தேடினார். மூளை முன்மடல் அறுவை குறித்து அவர் சக மருத்துவருடன் எழுதிய கட்டுரை 1944-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அம்முறை பின்னர் உலகெங்கும் கைவிடப்பட்டது. ஆராய்ச்சிக்கு அறநெறிக் காவல் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. 1954-இல் உருவான அகில இந்திய மனநல நிறுவனத்தின் முதல் இயக்குநராகி, சிகிச்சை, பயிற்சி, ஆராய்ச்சி மூன்றையும் ஒரே வளாகத்தில் இணைத்தார். அவர் மறைந்தபின், 1974-இல் அந்நிறுவனமும் மருத்துவமனையும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் பிறந்தது.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கட்டடம் சில ஆண்டுகளில் எழும், ஆய்வு மரபு வேரூன்றத் தலைமுறைகள் ஆகும். கிருஷ்ணகிரியில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அங்கு நோயாளிகளைப் பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கு ஆராய்ச்சிக்கென நேரமும் நிதியும் ஒதுக்கினால்தான், அச்சாலையில் நம் மக்களின் அலைச்சல் குறையத் தொடங்கும்.