எம்.ஜி.ஆரின் குரலுக்கு வந்த இரண்டு சோதனைகள்

மகர்பட்டா, ஹடப்சர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு எம்.ஜி.ஆர். என்றால் சினிமாவும் சத்துணவும்தான் நினைவுக்கு வரும். அவர் நோயோடு போராடிய கடைசி மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

1917 ஜனவரி 17-ல் இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார். வறுமையால் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் முதல் படம். குரலுக்கு முதல் சோதனை 1967 ஜனவரி 12-ல் வந்தது. கழுத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. உயிர் தப்பினார், குரல் மாறிவிட்டது. அந்த மாறிய குரலோடுதான் கட்சி தொடங்கி, 1977-ல் முதல்வரும் ஆனார்.

1984 அக்டோபர் 5-ல் சிறுநீரகக் கோளாறுக்காகச் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே இருக்கும்போதே பக்கவாதம் தாக்கியது. பேச்சு போயிற்று.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டால், ரத்தம் கிடைக்காத பகுதி சாகத் தொடங்கும். பிறகு நீர் கோத்து வீங்கும். மண்டை ஓடு எலும்புப் பெட்டி, விரிந்து கொடுக்காது. ஆகவே வீக்கம் பக்கத்திலுள்ள நல்ல பகுதியையும் நசுக்கி, அங்கும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை இந்த ஆபத்து அதிகம். வீக்கத்தை வற்றச் செய்யும் மருந்து சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றுவது. சிறுநீரகமே பழுதானவருக்கு அதைக் கொடுப்பதும் கஷ்டம்!

அடைப்பைக் கரைக்கும் ஊசி பக்கவாதத்துக்கு வந்தது 1990-களில்தான். அதையும் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கே ரூமில் கூட இருப்பவருக்கு வாய் கோணினாலும், கை தளர்ந்தாலும், நாக்கு குழறினாலும் விடியட்டும் என்று படுக்க வைப்பவர்கள் உண்டு. 108-க்குப் போன் செய்தால் மகாராஷ்டிராவிலும் ஆம்புலன்ஸ் வரும்.

எம்.ஜி.ஆருக்கு அந்த ஊசி கிடைக்காத காலம். நவம்பர் 5-ல் விமானத்தில் அமெரிக்கா கொண்டு செல்லப்பட்டார். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் டிசம்பர் 19-ல் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தவர் அண்ணன் மகள் லீலாவதி. ஐந்து நாள் கழித்துத் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. ஒரு கூட்டத்திலும் பேசாமல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார்.

1985 பிப்ரவரி 4-ல் திரும்பி வந்து, 10-ம் தேதி மீண்டும் முதல்வரானார். நடமாட்டம் வந்தது. பேச்சு மட்டும் பழையபடி தெளியவில்லை. அப்படியே மேடை ஏறினார், ஜனங்களும் கேட்டார்கள். 1987 டிசம்பர் 24-ல் தமது 70-வது வயதில், முதல்வராக இருக்கும்போதே காலமானார்.